வினைவேகம்: வெப்பநிலையும் வினையூக்கியும்

வேதிவினை நடக்கும் விரைவை வெப்பநிலையும் வினையூக்கியும் பெரிதும் மாற்றுகின்றன. ஆனால் இரண்டும் ஒரே வழியில் மாற்றுவதில்லை.

வினையூக்கிதான் முதலில் கண்ணில் பட்டது. 1823இல் ஜெனாவில் டோபரைனர், பஞ்சு போன்ற பிளாட்டினத்தின் மீது ஹைட்ரஜனைப் பீய்ச்சினார். நெருப்பு வைக்காமலே வாயு பற்றிக்கொண்டது. 1835இல் சுவீடனின் பெர்சீலியஸ் இத்தகைய நிகழ்வுகளைத் தொகுத்து ஒரு பெயரிட்டார். விளக்கம் வரப் பல பத்தாண்டுகள் ஆயின.

வேகத்தை முறையாக அளந்தவர் லுட்விக் வில்ஹெல்மி. 1850இல் அமிலக் கரைசலில் கரும்புச் சர்க்கரை குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் எனச் சிதைவதைத் தொடர்ந்து கவனித்துச் சமன்பாடும் எழுதினார். அன்று அதைப் பொருட்படுத்தியவர்கள் மிகச் சிலரே.

அதே சர்க்கரை வினையைத்தான் 1889இல் அர்ஹீனியஸ் கையிலெடுத்தார். வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் பல வினைகளின் வேகம் இரு மடங்கையும் தாண்டுகிறது. அறை வெப்பநிலையில் அவ்வளவு சூட்டுக்கு மூலக்கூறுகளின் சராசரி வேகமோ 2 விழுக்காடுகூடக் கூடுவதில்லை. அப்படியென்றால் மோதல்கள் பெருகுவது காரணமாக இருக்க முடியாது. போதிய ஆற்றல் பெற்ற சில மூலக்கூறுகளே வினைபுரிகின்றன, சூடேறும்போது அவற்றின் எண்ணிக்கைதான் பன்மடங்காகிறது என்று அவர் வாதிட்டார். அந்தக் குறைந்தபட்சத் தேவையே இன்று கிளர்வு ஆற்றல் எனப்படுகிறது. வினையூக்கி அத்தேவையைக் குறைத்து வேறொரு வழி திறக்கிறது. ஆனால் வெப்பநிலையைப் போலச் சமநிலையை அது மாற்றுவதில்லை என்பதை ஆஸ்ட்வால்டு வலியுறுத்தினார்.

இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியம் என்பதை அம்மோனியா காட்டியது. நைட்ரஜனும் ஹைட்ரஜனும் இணையும்போது வெப்பம் வெளிப்படுகிறது. எனவே சூட்டை ஏற்றினால் வேகம் கூடும், விளைச்சல் குறையும். இறக்கினால் வினையே நகராது. 1909இல் கார்ல்ஸ்ரூவில் ஹேபர், ஆஸ்மியத்தையும் உயர் அழுத்தத்தையும் கொண்டு ஓரளவு வெற்றி கண்டார். ஆஸ்மியமோ கிடைத்தற்கரியது. பிஏஎஸ்எஃப் நிறுவனத்தில் மிட்டாஷ் குழுவினர் ஆயிரக்கணக்கான சோதனைகள் செய்து, சிறிதளவு அலுமினாவும் பொட்டாசியமும் சேர்ந்த இரும்பைக் கண்டடைந்தனர். தூய இரும்பு அத்தனை சிறப்பாகச் செயல்படவில்லை என்பது வியப்புக்குரியது. 1913இல் ஓப்பாவில் ஆலை இயங்கத் தொடங்கியது.

இரும்பின் மேல் என்ன நடக்கிறது என்பது தெரிய மேலும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. நைட்ரஜன் மூலக்கூறு அப்பரப்பில் இரு அணுக்களாகப் பிளவுபடுவதே முழு வினையின் வேகத்தையும் கட்டுப்படுத்தும் படி என்று நிறுவிய கெர்ஹார்ட் எர்ட்ல், திண்மப் பரப்புகளில் நிகழும் வேதிவினைகள் பற்றிய ஆய்வுகளுக்காக 2007இல் நோபல் பரிசு பெற்றார்.