வீழ்ந்த வீரரின் பிள்ளைக்குக் கல்வி: நெய்த்தோர்ப்பட்டி முதல் 1972 கல்விச் சலுகை வரை

போரில் உயிர்நீத்தவனின் குடும்பத்தைக் காப்பது ஆள்வோர் கடன் என்னும் கருத்து தமிழகத்துக்குப் புதிதன்று. செங்கம் வட்டாரம் முதலிய வடதமிழகப் பகுதிகளில் கிடைத்துள்ள நடுகற்கள் வீரனின் பெயரையும் அவன் பட்ட பூசலையும் சொல்வதோடு அமைவதில்லை. அவற்றுட் சில, அவனுடைய சுற்றத்தார்க்கு விடப்பட்ட நிலத்தையும் குறிக்கின்றன. நெய்த்தோர்ப்பட்டி, உதிரப்பட்டி என்பன அந்நிலக்கொடையின் பெயர்கள். நெய்த்தோர் என்பது குருதி. ஆதலின் கொடைக்கான காரணம் பெயரிலேயே நிற்கிறது. இக்கொடையில் ஒரு தனித்தன்மை உண்டு. நிலம் கைமாறிய பின் அதில் என்ன விளைய வேண்டும், விளைச்சலை எதற்குச் செலவிட வேண்டும் என்று கொடுத்தவன் கேட்பதில்லை.

கல்விக்கென அளிக்கப்படும் உதவி அத்தகையதன்று. அது யாருக்கு, எத்தனை ஆண்டுக்கு, எந்தப் பள்ளியில், எவ்வளவு தொகைக்கு என்னும் நான்கு கேள்விகளுக்கும் விடை கூறிய பின்னரே நடைமுறைக்கு வர இயலும். விடை கூறுபவர் எப்போதும் கொடுப்பவரே. படைவீரர் பிள்ளைகளின் கல்வி பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பள்ளிகளின் வரலாறாகவோ ஆணைகளின் பட்டியலாகவோ அமைந்துவிடுவதால், இவ்வரையறைகள் வகுக்கப்பட்ட முறை தனித்து நோக்கப்படவில்லை. சென்னை எழும்பூரில் 1789இல் தோன்றிய ஆண்கள் அனாதை இல்லமும், 1971 போரை அடுத்து இந்திய அரசு வழங்கிய கல்விச் சலுகையும் இந்நோக்கில் ஒப்பிடத்தக்கவை.

எழும்பூர் இல்லம்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஐரோப்பியப் படைவீரர் பலர் மைசூர்ப் போர்களிலும் நோயிலும் மடிந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற பிள்ளைகளுள் மிகப்பலர் உள்நாட்டுத் தாய்மார் வயிற்றிற் பிறந்தவர்கள். சென்னையில் பெண்பிள்ளைகளுக்கான இல்லம் 1787இலும் ஆண்பிள்ளைகளுக்கான இல்லம் 1789இலும் நிறுவப்பட்டன. நன்கொடையும் கம்பெனியின் மானியமும் அவற்றின் பொருளாதாரம். அதே காலத்து வங்காளத்தில் படைத்துறை அதிகாரிகளின் சம்பளத்திலிருந்து பிடித்தம் செய்து அனாதைப் பிள்ளைகளைப் பேணும் கழகம் ஒன்று இயங்கியது. சென்னையில் சந்தாதாரரின் இரக்கமே முதலாக நின்றமையால், இல்லத்தின் கணக்கு எப்போதும் சிக்கனத்தை நாடியது.

'அனாதை' என்னும் சொல் இங்கு ஆளப்பட்ட முறை கவனத்துக்குரியது. தந்தை இறந்துவிட்டால் தாய் உயிரோடிருந்தும் பிள்ளை அனாதையாகவே கருதப்பட்டான். தாயின் பழக்கவழக்கங்களிலிருந்து அவனைப் பிரித்தெடுப்பதே கல்வியின் முதற்படி என்பது இல்லத்தை நடத்தியோரின் வெளிப்படையான எண்ணம். வீழ்ந்த வீரனுக்காகத் திரட்டப்பட்ட பொருள் அவன் மகனைச் சென்றடைந்தது; அவன் மனைவியை அது குடும்பமாகவே ஏற்கவில்லை. நெய்த்தோர்ப்பட்டி சுற்றத்துக்குக் கிடைத்தது என்பதை இதனோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

இல்லத்தின் கண்காணிப்பாளராக அமர்ந்தவர் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல். அப்பொறுப்புக்கெனக் குறிக்கப்பட்ட ஊதியத்தை அவர் பெற மறுத்தார். ஒருநாள் காலை குதிரையிற் செல்லும்போது, உள்நாட்டுப் பள்ளி ஒன்றில் சிறுவர்கள் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதுவதைக் கண்டதாக அவரே குறித்திருக்கிறார். தாளும் மையும் வேண்டாத அம்முறையைத் தம் பள்ளியிற் புகுத்த விழைந்தபோது ஊதியம் பெறும் உதவியாசிரியர்கள் இசையவில்லை. எனவே எட்டு வயதுச் சிறுவனான ஜான் ஃபிரிஸ்கனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். ஃபிரிஸ்கன் ஒரு சாதாரணப் படைவீரரின் மகன். அவன் வெற்றி பெறவே, மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறை பள்ளி முழுவதற்கும் விரிந்தது. 1796இல் பெல் சென்னையை விட்டு நீங்கினார். 1797இல் இலண்டனில் தம் சோதனை பற்றிய நூலை வெளியிட்டார். அம்முறை 'மதராசு முறை' என்னும் பெயரோடு இங்கிலாந்தில் பரவியது. 1811இல் நிறுவப்பட்ட தேசியக் கழகத்தின் பள்ளிகள் அதனையே மேற்கொண்டன.

மணலெழுத்தைத் தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளியிலிருந்து பெற்றதைப் பெல் மறைக்கவில்லை. ஆனால் மாணவனே மாணவனுக்குக் கற்பிப்பது தம் கண்டுபிடிப்பு என்றார். திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையை அறிந்த எவர்க்கும் இது ஐயத்தைத் தரும். பெல்லாரி ஆட்சியர் ஏ. டி. கேம்பெல் 1823ஆம் ஆண்டு அறிக்கையில், மூத்தோர் இளையோர்க்குக் கற்பிக்கும் உள்நாட்டு முறை இங்கிலாந்தில் பின்பற்றப்பட்டிருப்பதைச் சுட்டியுள்ளார். பிற்காலத்தில் தரம்பால் தம் 'அழகிய மரம்' நூலில் இவ்வாதத்தை வலுப்படுத்தினார். முறையின் மூலம் எதுவாயினும், அது வேரூன்றிய சூழல் பொருட்பற்றாக்குறையே. ஊதியம் பெறும் ஆசிரியர் குறைவு, எழுதுபொருட் செலவு குறைவு என்னும் இரண்டுமே சந்தாதாரர் விரும்பியவை. ஐரோப்பியக் கல்வி வரலாற்றில் பேரிடம் பெற்ற ஒரு கற்பித்தல் முறை, இறந்த படைவீரரின் பிள்ளைகளுக்குச் செலவைக் குறைக்க நேர்ந்த தேவையோடு பிணைந்து பிறந்தது என்பதைக் கல்வி வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு வற்புறுத்தவில்லை.

கற்றவர்க்குக் கிடைத்த வாழ்வு எத்தகையது? 1791இல் கம்பெனியின் இயக்குநர் அவை, உள்நாட்டுத் தாய்க்குப் பிறந்தோர் குடிமைப்பணி, படை, கடற்பணி ஆகியவற்றில் உயர்பதவி பெறுவதைத் தடைசெய்தது. 1795இன் ஆணை அவர்களைப் படையில் முரசறைவோர், குழலூதுவோர், லாடம் அடிப்போர் போன்ற நிலைகளோடு நிறுத்தியது. தந்தை எந்தப் படையில் மாண்டானோ அந்தப் படையில் மகன் துப்பாக்கி ஏந்த இயலாது; முரசு கொட்டலாம். இத்தடையின் நடுவே ஒரு வாயில் திறந்தது. வானியலாளர் மைக்கேல் டாப்பிங் 1794இல் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளிக்கு முதல் மாணவர் எண்மரும் ஆண்கள் அனாதை இல்லத்திலிருந்தே எடுக்கப்பட்டனர். இன்றைய கிண்டிப் பொறியியற் கல்லூரி தன் தொடக்கத்தை இப்பள்ளியிற் காண்கிறது. காலின் மெக்கன்சியின் மைசூர் அளவைக்கு உதவியாளர்கள் இங்கிருந்து சென்றனர். கல்லூரியின் பெருமை பேசும் மலர்களில் அவ்வெண்மரும் படைவீரரின் அனாதைப் பிள்ளைகள் என்பது அரிதாகவே இடம்பெறுகிறது. இல்லத்துக்கென ஓர் அச்சகமும் இருந்தது. அதன் ஆண்டுக் கையேடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னையை ஆய்வோர்க்கு இன்றும் கைவிளக்கு. 1871இல் இவ்வில்லம் நீலகிரியில் 1858இல் தொடங்கப்பெற்ற லாரன்ஸ் அனாதை இல்லத்தோடு இணைக்கப்பட்டது.

சிப்பாயின் மகன்

எழும்பூர் இல்லத்தின் கதவு சிப்பாயின் மகனுக்குத் திறக்கவில்லை. மதராசுப் படையின் பெரும்பகுதி தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களுமாகிய உள்நாட்டார். அவர்களுட் போரில் இறந்தவனின் மகனுக்குப் படைப்பிரிவு வைத்திருந்த ஏற்பாடு, அவனைச் சிறுவனாகவே பட்டியலிற் சேர்த்துச் சிறுதொகை கொடுப்பது. 'ரெக்ரூட் பாய்ஸ்' எனப்பட்ட இச்சிறுவர்கள் வயது வந்ததும் சிப்பாய்களாயினர். குடும்பத்துக்கு மாதந்தோறும் ஒரு வருவாய் கிட்டியது. படைக்கு அடுத்த தலைமுறை கிட்டியது. எழுத்தறிவு இதில் நோக்கமாக இல்லை, உடன்விளைவாக மட்டுமே இருந்தது. இதனைக் கருணை எனக் கொள்வதா, ஆள்சேர்ப்பு எனக் கொள்வதா என்னும் வினாவுக்கு இரண்டும் என்பதே நேர்மையான விடை.

இருபதாம் நூற்றாண்டில் இந்தியப் படைவீரரின் மைந்தர்க்கெனத் தனிப்பள்ளிகள் எழுந்தன. முதல் உலகப்போரை அடுத்து ஜீலம், ஜலந்தர், அஜ்மீர் ஆகிய ஊர்களில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரால் படைத்துறைப் பள்ளிகள் நிறுவப்பெற்றன. மூன்றும் வடக்கே, ஆள்சேர்ப்பு மிகுந்த நிலங்களையொட்டி அமைந்தவை. பெல்காமிலும் பெங்களூரிலும் அத்தகைய பள்ளிகள் தோன்ற 1945, 1946 வரை காத்திருக்க நேர்ந்தது. மதராசு மாகாணத்தில் ஒன்றும் அமையவில்லை. விடுதலைக்குப் பின் 1961 முதல் தோன்றிய சைனிக் பள்ளிகள், அமராவதி நகர்ப் பள்ளி உட்பட, அதிகாரிப் பயிற்சிக்கு மாணவரை ஆயத்தம் செய்ய எழுந்தவை. வீழ்ந்தோர் பிள்ளைகளின் கல்விப் பொறுப்பை ஏற்க எழுந்தவை அல்ல.

1972: வரம்பில்லாப் பொறுப்பு

டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது 1971 டிசம்பர் 16. இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 18 அன்று, மக்களவையில் ஓர் அறிவிப்பு செய்யப்பட்டது. போரில் இறந்த, காணாமற்போன, நிரந்தரமாக உறுப்பிழந்த படையினரின் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், நூல், சீருடை ஆகிய செலவுகளை அரசு ஏற்கும் என்பது அதன் சாரம். 1972 முதல் இது நடைமுறைக்கு வந்தது.

இவ்வறிவிப்பில் முன்னையவற்றோடு முரண்படும் கூறுகள் பல. பிள்ளை தாயிடமிருந்து பிரிக்கப்படவில்லை. தனிப்பள்ளிக்குச் செல்லுமாறு பணிக்கப்படவில்லை. படையிற் சேர வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு இல்லை. உறுப்பிழந்தோர் தொடக்கத்திலேயே இடம்பெற்றனர். அமெரிக்காவில் 1956இன் போர் அனாதையர் கல்வி உதவிச் சட்டம் இறந்தோர் பிள்ளைகளோடு நின்றது. முற்றிலும் நிரந்தரமாக உறுப்பிழந்தோரின் பிள்ளைகளுக்கு அது 1964இல்தான் விரிந்தது. மனைவியரும் கைம்பெண்களும் 1968 வரை காத்திருந்தனர். ஆனால் அமெரிக்கச் சட்டம் மாதத்துக்கு இத்தனை டாலர், இத்தனை மாதம் என்று வரையறுத்தது. இந்தியச் சலுகை தொகையைக் குறிக்காமல் செலவையே ஏற்றது. உறுதிமொழியின் ஆழம் இங்குதான் உள்ளது.

பின்னர் சியாச்சினில் நடந்த மேக்தூத் நடவடிக்கைக்கும், இலங்கையில் 1987 முதல் 1990 வரை நடந்த பவன் நடவடிக்கைக்கும் சலுகை நீட்டிக்கப்பட்டது. பவன் நடவடிக்கையில் இந்தியப் படையினர் ஏறத்தாழ 1,200 பேர் இறந்தனர். அப்போர் பற்றிய தமிழ் எழுத்தில் அரசியல் விவாதம் மிகுதி, அதற்குக் காரணமும் உண்டு. எனினும் இறந்தோர் வீட்டுப் பிள்ளைகள் பின்னர் எவ்வாறு படித்தனர் என்பது அவ்விவாதத்துக்குள் வந்ததே இல்லை.

பத்தாயிரம் ரூபாய்

நீதிபதி அசோக் குமார் மாத்தூர் தலைமையிலான ஏழாவது ஊதியக் குழு படிகளையும் சலுகைகளையும் சீரமைக்கப் பரிந்துரை வழங்கியது. அதன் தொடர்ச்சியாக 2017 செப்டம்பர் 13 நாளிட்ட ஆணை, கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் சேர்ந்து மாதம் 10,000 ரூபாயைத் தாண்டக்கூடாது என்றது. அது அவ்வாண்டு ஜூலை 1 முதல் நடைமுறையாயிற்று. படித்துக்கொண்டிருந்தோர் நடுவழியில் இதனை எதிர்கொண்டனர்.

நாடாளுமன்றத்தில் அரசு அளித்த விடையின்படி, 2017–18இல் சலுகை பெற்ற மாணவர் 2,679. வரம்பால் பாதிக்கப்பட்டோர் 193. ஆண்டுச் சேமிப்பு ஏறத்தாழ 3.20 கோடி ரூபாய். இவ்வெண்களைச் சற்று உடைத்துக் காண்பது தகும். பாதிக்கப்பட்டோர் நூற்றுக்கு எழுவர். சேமிப்பை அவர்கள்மேற் பகிர்ந்தால் தலைக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1.66 லட்சம். அதாவது ஆண்டுக்கு 1.20 லட்சம் என்னும் உச்சவரம்பினும் பெரிய தொகை ஒவ்வொரு குடும்பத்தின் தோளுக்கும் மாற்றப்பட்டது. வரம்பு எல்லோர்க்கும் பொதுவாகச் சொல்லப்பட்டாலும், உயர்கட்டணம் கொண்ட படிப்பையோ விடுதியோடு கூடிய பள்ளியையோ நாடியவரையே அது தாக்கும் இயல்பினது. பாதுகாப்புத் துறையின் செலவில் 3.20 கோடி என்பது கண்ணுக்குத் தெரியாத துளி. 193 வீடுகளில் அது துளியன்று.

கடற்படைத் தலைவர் அட்மிரல் சுனில் லாம்பா வரம்பை நீக்கக் கோரிப் பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமனுக்குக் கடிதம் எழுதினார். படைத்தலைவர் ஒருவர் நிதி முடிவொன்றைக் குறித்து எழுதியது பொதுவெளிக்கு வருவது அரிது. 2018 மார்ச்சு மாதத்தில் வரம்பு நீக்கப்பட்டது. எனினும் நீக்கிய ஆணை, அரசு மற்றும் அரசு உதவிபெறும் நிறுவனங்கள், படைத்துறைப் பள்ளிகள், சைனிக் பள்ளிகள், மத்திய மாநில அரசுகளின் ஏற்புப் பெற்ற பள்ளிகள், அரசு நிதியில் முழுமையாக இயங்கும் தன்னாட்சி அமைப்புகள் ஆகியவற்றிற் பயில்வோர்க்கே சலுகை என்னும் நிபந்தனையை உடன் வைத்திருந்தது. 'எவ்வளவு' என்னும் கேள்வி தளர்ந்தது. 'எந்தப் பள்ளி' என்னும் கேள்வி நின்றது.

இதனோடு மயங்கலாகாத மற்றொரு திட்டமும் உண்டு. 1962இல் தோன்றிய தேசியப் பாதுகாப்பு நிதியிலிருந்து, முன்னாள் படையினரின் பிள்ளைகளுக்கும் கைம்பெண்களுக்கும் தொழிற்படிப்புக்கென வழங்கப்படும் பிரதமர் கல்வி உதவித்தொகை 2006–07 முதல் நடைபெறுகிறது. 2019இல் உயர்த்தப்பட்ட அளவின்படி அது மாணவியர்க்கு மாதம் 3,000 ரூபாய், மாணவர்க்கு 2,500 ரூபாய். முதலாவது, செலவு எவ்வளவாயினும் ஏற்பது. இரண்டாவது, செலவு எவ்வளவாயினும் இவ்வளவே தருவது. 2017இல் முதலாவதை இரண்டாவதன் இலக்கணத்துக்குள் கொண்டுவர முயன்றனர். ஆறு மாதத்தில் அம்முயற்சி கைவிடப்பட்டது.