காற்றலை யார் சொத்து?

வில்லாபுரத்துக்காரனுக்குப் பொதுச்சொத்து என்றால் முதலில் தண்ணீர்தான் ஞாபகம் வரும். குடத்துக்குக் காசு கொடுத்து வாங்கிய ஊர் இது. மாநகராட்சிக் குடிநீருக்காகப் போராடிய மார்க்சிஸ்ட் கவுன்சிலர் லீலாவதி 1997 ஏப்ரல் 23 அன்று இங்கேதான் வெட்டிக் கொல்லப்பட்டார். காற்றலைகளைப் பங்கிடுவது குறித்த பொருளியல் வரலாற்றை இந்த ஞாபகத்தோடுதான் நாம் வாசிக்க வேண்டியிருக்கிறது.

அந்த வரலாற்றின் மையம் ரொனால்ட் கோஸ். தந்தி ஊழியரின் மகன், 1910இல் இங்கிலாந்தில் பிறந்தவர். பிபிசியின் ஏகபோகத்தை விமர்சித்து 1950இல் நூல் எழுதினார். பிறகு அமெரிக்கா போய், 1959இல் அங்குள்ள ஒலிபரப்பு ஆணையத்தையே கேள்விக்குள்ளாக்கினார். அலைவரிசை அரிது, ஆகவே அரசுதான் பங்கிட வேண்டும் என்பது அன்றைய வாதம். நிலமும்தான் அரிது, அதை விற்று வாங்கவில்லையா என்றார் கோஸ். உரிமையை வரையறு, ஏலம் விடு, அவ்வளவுதான். 1951இலேயே லியோ ஹெர்சல் என்ற சட்ட மாணவர் சொல்லியிருந்த யோசனை இது. ஆணையத்தாருக்கு இது கேலிப்பேச்சாகப் பட்டது. ராண்ட் நிறுவனத்துக்காக அவர் மற்ற இருவரோடு சேர்ந்து எழுதிய அறிக்கை 1995 வரை வெளிவரவே இல்லை. அதற்குள் 1991இல் கோஸுக்கு நோபல் கிடைத்தது, 1994இல் அமெரிக்கா ஏலத்தைத் தொடங்கியும் விட்டது.

கோஸின் விமர்சனத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. இலவசமாகக் கொடுக்கும் கை, வேண்டியவனுக்கே கொடுக்கும். இங்கே 2008இல் ஏலமில்லாமல் 2001ஆம் ஆண்டு விலைக்குக் கொடுத்த 122 தொலைபேசி உரிமங்களை 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. (குற்றம் சாட்டப்பட்டவர்களைச் சிறப்பு நீதிமன்றம் 2017இல் விடுவித்தது.) ஆனால் ஏலம் ஒன்றே வழியல்ல என்றும் 2012 செப்டம்பரில் அதே உச்ச நீதிமன்றம்தான் கருத்துச் சொன்னது.

சிக்கல் இங்கேதான். அதிக விலை கொடுப்பவனுக்கே அதன் அருமை தெரியும் என்கிறது ஏலத்தின் தர்க்கம். குடத்துக்குக் காசில்லாதவளுக்குத் தாகம் குறைவா என்ன?

காற்றலை பொதுச்சொத்து என்று 1995இல் கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகு ஏலத்தில் தனியார் பண்பலைகள் வந்தன, மதுரைக்கும் வந்தன. பாட்டு உண்டு, விளம்பரம் உண்டு. சொந்தமாகச் செய்தி சொல்ல மட்டும் அனுமதி கிடையாது. 2006 இறுதியில் தொண்டு அமைப்புகளுக்கும் திறந்துவிடப்பட்ட சமுதாய வானொலிக்கும் இதே தடைதான். அலைக்கு விலை வைத்தாயிற்று. தன் தெருவில் தண்ணீர் வரவில்லை என்பதைச் செய்தியாகச் சொல்லும் உரிமை இன்னும் வில்லாபுரத்துக்கு வரவில்லை.