திருச்சியில் சட்டப் படிப்பு: சென்னையிலிருந்து நாவலூர் குட்டப்பட்டு வரை

திருச்சிராப்பள்ளிப் பகுதியில் சட்டம் படிக்க எங்கே போவது என்பதை, ஊர் வழக்குகள் எந்த நீதிமன்றத்துக்குப் போகின்றன என்பதே பெரிதும் முடிவு செய்துவந்தது. 1862இல் உயர் நீதிமன்றமும் 1891இல் சட்டக் கல்லூரியும் சென்னையில் அமைந்தன. செயின்ட் ஜோசப் கல்லூரியிலோ, 1919இல் தொடங்கிய நேஷனல் கல்லூரியிலோ பி.ஏ. முடித்த ஸ்ரீரங்கத்து இளைஞர் பி.எல். படிக்கச் சுமார் 320 கி.மீ. தள்ளிச் சென்னைக்குப் போனார். படித்த இடத்திலேயே மேல்முறையீடுகளும் நடந்ததால், திறமையும் வசதியும் உள்ளவர்கள் அங்கேயே தங்கிவிட இடமிருந்தது. பட்டம் பெற வழியில்லாதவர்களுக்கு 1879ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பிளீடர் தேர்வு இருந்தது. இரண்டாம் நிலைப் பிளீடர்களின் களம் முன்சீப் கோர்ட். இந்தப் படிநிலைகளை நீக்கி எல்லோரையும் வழக்கறிஞர் என்ற ஒரே வகுப்பில் சேர்த்தது 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம்.

ஊரில் வேலைக்குப் பஞ்சமில்லை. காவிரிப் பாசன நிலமும் ஸ்ரீரங்கம் கோயிலும் தலைமுறை தலைமுறையாக வக்கீல்களுக்கு வழக்குகளைத் தந்தன. இம்மாவட்டக் குத்தகை முறைகளுக்கென்றே 1958இல் ‘திருச்சிராப்பள்ளி கைஏருவாரம், மாட்டுவாரம் சட்டம்’ இயற்றப்பட்டது. ஒரு மாவட்டத்தின் பெயரையும் அதன் வாரமுறையின் பெயரையும் ஒருசேரத் தாங்கிய சட்டம் அபூர்வம். ஸ்ரீரங்கத்து வீதிகளின் அடிமனை உரிமைச் சிக்கல் இன்றும் ஓயவில்லை. பொன்மலை ரயில்வே பணிமனையும், 1960களில் திருவெறும்பூரில் வந்த பெல் தொழிற்சாலையும் தொழிலாளர் வழக்குகளைச் சேர்த்தன.

இவ்வளவு வழக்கிருந்தும் கல்லூரி வரத் தாமதமாயிற்று. தமிழகத்தின் இரண்டாவது அரசு சட்டக் கல்லூரி 1974இல் மதுரையில் தொடங்கியது; திருச்சிக்கு 1979இல்தான் கிடைத்தது. அது கொண்டுவந்த மாற்றம் பெரிது. லால்குடி, முசிறி, துறையூர்ப் பிள்ளைகள் வீட்டிலிருந்தபடியே படிக்க முடிந்தது. மாலையில் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு சீனியர் ஆபீசில் உட்கார்ந்து வழக்குக் கட்டுகளைப் புரட்டவும் முடிந்தது. வாய்தா, வக்காலத்து, குமாஸ்தாவின் சூட்சுமங்கள் எல்லாம் அங்கேதான் பழகும். கீழமை நீதிமன்றங்களில் தமிழே நடப்பதால், உள்ளூர்ப் பேச்சு தெரிந்த ஜூனியருக்கு மதிப்பும் உண்டு. வக்கீல் குடும்பத்தில் பிறக்காத முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இந்த அண்மை, கல்லூரியின் புகழைவிட அதிகம் உதவியது.

2004 ஜூலை 24 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்பட்டபோது திசையே மாறியது. திருச்சி, கரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை வழக்குகள் மதுரைக்குப் போயின. காலையில் கிளம்பி ரிட் மனுவை வாதாடிவிட்டு இரவுக்குள் வீடு திரும்பலாம் என்றானது. பழைய திருச்சி மாவட்டத்திலிருந்து பிரிந்த பெரம்பலூரும் அரியலூரும் மட்டும் சென்னையோடே நின்றன. ஆகவே ஒரே வகுப்பில் படித்த இருவரில் அரியலூர்க்காரருக்குச் சென்னையில் சீனியர் தேவைப்பட்டார், மணப்பாறைக்காரருக்கு மதுரையில்.

2013இல் நாவலூர் குட்டப்பட்டில் தமிழ்நாடு தேசிய சட்டப் பள்ளி பாடங்களைத் தொடங்கியது. இப்போது அது பல்கலைக்கழகம். இடம் ஸ்ரீரங்கம் வட்டத்தைச் சேர்ந்தது என்றாலும், கோபுரம் இருக்கும் தீவிலிருந்து விலகித் திண்டுக்கல் சாலையில் உள்ளது. அரசு சட்டக் கல்லூரியில் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டு ஐந்தாண்டுப் படிப்பில் சேரலாம். இங்கோ ‘கிளாட்’ என்னும் அகில இந்திய நுழைவுத் தேர்வு. கட்டணமும் பல மடங்கு. இத்தகைய தேசியப் பள்ளிகளில் படிப்பவர்கள் மும்பை, டெல்லி, பெங்களூரு நிறுவனங்களை நாடுவது வழக்கம். அந்த வேலைக்கு இதுவே பொருத்தமான வாசல். திருச்சி கோர்ட்டில் தொழில் செய்யவே விரும்புபவருக்கு இந்தச் செலவு அவசியமில்லை.

நீதிபதிப் பணியை நாடுபவர்களின் கணக்கும் அண்மையில் மாறிற்று. புதிய பட்டதாரிகளும் சிவில் நீதிபதித் தேர்வு எழுதலாம் என்று 2002 முதல் இருந்த நிலையை மாற்றி, மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவத்தை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் மீண்டும் கட்டாயமாக்கியது. கல்லூரியை விட்டதும் தேர்வுக்குத் தயாராகலாம் என்றிருந்தவர்களும் இனி முதலில் கவுன் போட்டு, ஒரு சீனியரிடம் சேர வேண்டும்.