பெருமம் தேடிய ஓர் ஆசிரியர்

இருபது அடிக் கயிற்றால் ஒரு செவ்வக நிலத்தை வளைக்க வேண்டும். பரப்பு மிகப் பெரிதாக அமைவது எப்போது? ஒரு பக்கம் 'அ' அடியாயின், அடுத்த பக்கம் 10 − அ. பரப்பு 10அ − அ² ஆகும். நுண்கணிதம் பயின்றோர் இதன் வகைக்கெழுவாகிய 10 − 2அ என்பதைப் பூச்சியத்துக்குச் சமமாக்கி, அ = 5 என்பர். அந்த இடமே நிலைப்புள்ளி. செவ்வகம் சதுரமாகிறது, பரப்பு 25 சதுர அடி.

வகைக்கெழுவின் துணையின்றி இதனைக் காண இயலுமா? இயலும் என்று காட்டியவர் நம் நாட்டு ஆசிரியர் ஒருவர். 1821-இல் பிறந்து, தில்லிக் கல்லூரியில் கற்பித்த இராமச்சந்திரர், பெருமம் சிறுமம் பற்றிய நூலொன்றை 1850-இல் கல்கத்தாவில் வெளியிட்டார். பாஸ்கரர் போன்றோர் வளர்த்த இயற்கணித மரபே நம் மாணவருக்கு இயல்பான வழி என்பது அவர் கருத்து.

அவ்வழி இது: பரப்பை 'ப' என்க. சமன்பாட்டைத் தீர்த்தால் அ = 5 ± √(25 − ப). ப 25-ஐ மிஞ்சினால் மூலக்குறிக்குள் குறை எண் வந்துவிடும். அத்தகைய பக்கம் உலகில் இல்லை. ஆகவே 25-ஏ பெருமம்!

கல்கத்தாவில் இந்நூலுக்கு நல்வரவேற்பு வாய்க்கவில்லை. ஆனால் அதன் படி இலண்டனில் இருந்த கணிதப் பேராசிரியர் அகஸ்டஸ் டி மார்கனை அடைந்தது. அவரது முயற்சியால், அவர் எழுதிய முன்னுரையுடன், 1859-இல் அது இலண்டனில் மீண்டும் அச்சேறியது. அந்த டி மார்கன் பிறந்த ஊர் எது தெரியுமா? நம் நாகல் நகரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரை! 1806-இல் அங்கே பிறந்து, கைக்குழந்தையாகவே இங்கிலாந்து சென்றவர் அவர்.

அவ்வாறாயின் வகைக்கெழு வேண்டாவோ? வேண்டும். படி உயர உயர இயற்கணித வழி கடினமாகும்; வகைக்கெழுவோ எல்லாப் பல்லுறுப்புக் கோவைகளுக்கும் ஒரே வழியைத் தருகிறது. அ³ − 3அ என்பதன் வகைக்கெழு 3அ² − 3. அது 1, −1 ஆகிய இடங்களில் பூச்சியமாகிறது. −1-இல் ஏற்றம் இறக்கமாக மாறுவதால் அங்கே ஓரிடப் பெருமம். 1-இல் இறக்கம் ஏற்றமாவதால் ஓரிடச் சிறுமம்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. அ³ என்பதன் வகைக்கெழு 3அ². பூச்சியத்தில் அதுவும் பூச்சியமே. எனினும் அங்கே பெருமமும் இல்லை, சிறுமமும் இல்லை. ஏறிவந்த கோடு ஒரு கணம் சமநிலை கண்டு மேலும் ஏறுகிறது. வகைக்கெழு சுட்டும் இடத்தின் இருமருங்கும் நோக்கிய பின்னரே தீர்ப்புக் கூறல் வேண்டும்.

விதியை மனனம் செய்வது எளிது; அது ஏன் உண்மையாகிறது என வினவுவதே கல்வி. தில்லி ஆசிரியர் வினவினார். மதுரையில் பிறந்தவர் அவ்வினாவின் அருமையை அறிந்தார். நீங்களும் வினவுங்கள்.