சுகார்த்தோவும் அபாச்சாவும்: ஒரே கொள்ளை, இரு கணக்கு

1998 மே 21 அன்று காலை ஜகார்த்தாவில் இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோ தொலைக்காட்சிக் கேமராக்கள் முன் நின்று, தான் பதவி விலகுவதாக ஒரு தாளைப் பார்த்துப் படித்தார். 32 வருட ஆட்சி சில நிமிடங்களில் முடிந்தது. பதினெட்டு நாள் கழித்து, ஜூன் 8 அன்று, நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் நாட்டை ஆண்டுகொண்டிருந்த ஜெனரல் சானி அபாச்சா திடீரென்று செத்துப்போனார். பிரேதப் பரிசோதனை கிடையாது. அன்றைக்கே கானோவில் அடக்கமும் செய்துவிட்டார்கள்.

ஊழல் தலைவர்கள் எவ்வளவு தின்றார்கள் என்று டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் என்ற ஊழல் எதிர்ப்பு அமைப்பு 2004-இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. சுகார்த்தோ 1,500 முதல் 3,500 கோடி டாலர் வரை, பட்டியலில் முதலிடம். அபாச்சா 200 முதல் 500 கோடி டாலர் வரை. பார்த்தவுடன் முன்னவர் யானை, பின்னவர் பூனை என்று தோன்றும். ஆனால் அபாச்சா ஆண்டது ஐந்து வருடம்கூட இல்லை. வருடக் கணக்கில் வகுத்துப் பாருங்கள். இருவருக்குமே ஆண்டுக்கு ஏறத்தாழ 45 கோடியிலிருந்து 110 கோடி டாலர்வரை வருகிறது. வேகம் ஒன்றுதான். நைஜீரியாவின் பொருளாதாரம் சிறியது, அங்கே அடி கூடுதலாக வலித்திருக்கும் என்பது உண்மையே. இருந்தாலும், மற்றதெல்லாம் இவ்வளவு தூரம் விலகிப்போனதை அந்த ஒரு காரணத்தால் விளக்கிவிட முடியாது.

எவ்வளவு தூரம்? இந்தோனேசியாவில் 1976-இல் நூற்றுக்கு 40 பேர் ஏழைகள்; 1996-இல் 11 பேர். நைஜீரியாவில் 1980-இல் 28 பேர். 1996-இல் 66 பேர். இரண்டும் அந்தந்த அரசு தன் வறுமைக்கோட்டை வைத்து எடுத்த கணக்கு, நேருக்கு நேர் வைத்து ஒப்பிடக் கூடாது. ஒன்று இறங்கியது, மற்றது ஏறியது என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இத்தனைக்கும் இரு நாடுகளிலும் ராணுவம் ஆட்சிக்கு வந்தது ஒரே வருடத்தில், 1966-இல். இரண்டிலும் எண்ணெய் இருந்தது. அன்று யாரிடமாவது பந்தயம் கட்டச் சொல்லியிருந்தால், விலைவாசி ஒரே வருடத்தில் 600 சதவீதத்துக்கு மேல் ஏறிய இந்தோனேசியாவின் மேல் கட்டியிருக்க மாட்டார்கள்.

‘தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா’ என்று நம்மிடம் ஒரு வழக்கு உண்டு. அதன் டீக்கடை வடிவம்: ‘தின்னாலும் செஞ்சார்யா!’ இந்த இரண்டு ஜெனரல்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், அந்த வாதம் எதுவரை நிற்கிறது, எங்கே விழுகிறது என்று பார்க்கலாம்.

அரிசியில் தொடங்குவோம். ஜாவாவில் அரிசி விலை என்பது அரசியல் வெப்பமானி. சுகார்த்தோ ஆட்சியைப் பிடித்ததே பஞ்சமும் பணவீக்கமும் கம்யூனிஸ்ட் பயமும் கலந்த ஒரு நேரத்தில். வயிறு காய்ந்தால் கிராமம் மறுபடி சிவக்கும் என்ற அச்சம் அவரை விட்டு அகலவே இல்லை என்று நினைக்கிறேன். 1967-இல் புலோக் என்ற அரிசிக் கொள்முதல் நிறுவனம் வந்தது. எண்ணெய்க் காசு கொட்டத் தொடங்கியதும் அதில் ஒரு பங்கு வாய்க்காலுக்குப் போனது, ஒரு பங்கு யூரியாவுக்குப் போனது. பலெம்பாங்கில் இயற்கை எரிவாயுவிலிருந்து உரம் செய்து விவசாயிக்கு மலிவாகக் கொடுத்தார்கள். புலோக்கிலும் தின்றார்கள், உரத்திலும் தின்றார்கள். ஆனாலும் மூட்டை வயலுக்கு வந்து சேர்ந்தது.

பிறகு புகையான் வந்தது. நம் தஞ்சாவூர் விவசாயிக்கு அந்தப் பூச்சியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1970-களின் நடுவில் ஜாவா வயல்கள் வட்ட வட்டமாகக் காய்ந்தன. மருந்து அடிக்க அடிக்கப் புகையானைத் தின்னும் சிலந்திதான் செத்தது, புகையான் பெருகியது. அரசோ மருந்து விலையில் பெரும்பகுதியை மானியமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. பூச்சிமருந்துக் கம்பெனி, அதிகாரி, தரகர் என்று அந்த மானியத்தில் எத்தனை பேர் கை நனைத்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. 1986-இல் சுகார்த்தோ ஒரே உத்தரவில் நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தார். சில வருடங்களில் மானியமும் போனது. தன் ஆட்களின் வருமானத்தைத் தானே வெட்டிய உத்தரவு அது. இந்த ஒரு சம்பவத்தை நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். தின்பவர் என்று பெயரெடுத்த ஒருவர் இந்தக் கதவை மட்டும் ஏன் சாத்தினார்? அதன் பின்னால் இருந்தது சோறு.

1970-களின் கடைசியில் உலகிலேயே அதிகமாக அரிசி வாங்கிய நாடு இந்தோனேசியா. 1984-இல் அது தன்னிறைவு அறிவித்தது. அடுத்த வருடம் ரோமில் உணவு வேளாண்மை அமைப்பின் மேடையில் சுகார்த்தோவைப் பேச அழைத்தார்கள்.

அதே 1984-இல் நைஜீரியாவின் அரிசிக்கும் ஒரு கதை உண்டு. நைராவின் மதிப்பை அரசு செயற்கையாகத் தூக்கி வைத்திருந்ததால் (1980-இல் ஒரு நைராவுக்கு ஒன்றரை டாலருக்கு மேல்) இறக்குமதி அரிசி கொள்ளை மலிவு. அதை இறக்குமதி செய்ய உரிமம் கிடைத்தவன் ராஜா. உழுவதைவிட உரிமம் வாங்குவது லாபம் என்றானபின் யார் உழுவார்கள்? அரிசி இறக்குமதிக் குழுவுக்குத் தலைமை வகித்த அமைச்சர் உமாரு டிக்கோ, 1983 கடைசியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் லண்டனுக்கு ஓடினார். பெரும் பணத்தைச் சுருட்டியதாகக் குற்றச்சாட்டு, அவர் மறுத்தார். 1984 ஜூலையில் அவரை லண்டன் தெருவிலேயே கடத்தி, மயக்க மருந்து கொடுத்து, மரப்பெட்டியில் அடைத்து, ஸ்டான்ஸ்டெட் விமான நிலையம்வரை கொண்டுபோய்விட்டார்கள். சுங்க அதிகாரிகள் சந்தேகப்பட்டுப் பெட்டியைத் திறந்ததால் பிழைத்தார்.

1975-இலும் இப்படி ஓர் இரட்டைக் கதை. நைஜீரிய அரசு அந்த நேரத்தில் சுமார் 2 கோடி டன் சிமென்ட்டுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது, அதில் பெரும்பகுதி ராணுவ அமைச்சகத்தின் பெயரில். லாகோஸ் துறைமுகத்தால் அதில் ஒரு துளியைத்தான் இறக்க முடியும். நூற்றுக்கணக்கான கப்பல்கள் கடலில் காத்துக் கிடந்தன. காத்திருந்த ஒவ்வொரு நாளுக்கும் அரசு டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் கட்டியது. சிமென்ட் கப்பலிலேயே கெட்டித்துப்போனது. அதே வருடம் இந்தோனேசியாவின் எண்ணெய்க் கம்பெனி பெர்த்தமினா கடனைக் கட்ட முடியாமல் கவிழ்ந்தது. மொத்தக் கடன் சுமார் 1,000 கோடி டாலர். அதன் தலைவர் ஜெனரல் இப்னு சுத்தோவோ சுகார்த்தோவுக்கு நெருக்கமானவர். அவரைச் சிறையில் போடவில்லை. மரியாதையாக வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் கஜானாவின் சாவி விஜோயோ நித்திசாஸ்த்ரோ போன்ற பொருளியலாளர்களின் கைக்கு இன்னும் உறுதியாகப் போய்ச் சேர்ந்தது. 1978 நவம்பரில், எண்ணெய்க் காசு இருக்கும்போதே, டாலருக்கு 415 ஆக இருந்த ரூபியாவை 625 ஆக இறக்கினார்கள். சுமத்திராவில் ரப்பரும் காப்பியும் விளைவித்தவனுக்கு அதே சரக்குக்குக் கூடுதல் ரூபியா கிடைத்தது. நைஜீரியாவிலோ கானோவின் புகழ்பெற்ற நிலக்கடலைப் பிரமிடுகள் மறைந்தன. வறட்சிக்கும் பயிர்நோய்க்கும் அதில் பங்குண்டு. செயற்கையாகத் தூக்கி நிறுத்திய நைராவுக்கும் உண்டு.

கொள்ளை நடந்த விதத்திலும் வித்தியாசம் இருந்தது. அபாச்சாவின் ஆட்கள் ‘பாதுகாப்புச் செலவு’ என்று கடிதம் எழுதி, மத்திய வங்கியிலிருந்து ரொக்கமாக எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். சுகார்த்தோவின் பிள்ளைகள் வழியில் சாவடி போட்டார்கள். இது உவமை மட்டுமல்ல; மூத்த மகள் தூதூத் நிஜமாகவே சுங்கச்சாலை நடத்தினார். இளைய மகன் டாமிக்குக் கிராம்பு ஏகபோகம். சாவடிக்காரனுக்குப் பாதையில் வண்டி ஓட வேண்டும். பெட்டியை உடைப்பவனுக்கு அந்தக் கவலை கிடையாது. அதுவும் அடுத்த கலகம் எப்போது என்று தெரியாத நாட்டில், இன்று எடுக்காதவன் முட்டாள். பியாஃப்ரா பிரிவினைப் போருக்குப் பிறகு நாட்டை ஒட்டவைக்கும் பசையாகவே எண்ணெய்ப் பணம் இருந்தது. பங்கு கேட்க மாநிலங்களும் பெருகின: 1967-இல் 12, 1976-இல் 19, 1996-இல் 36. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைநகரம், தலைமைச் செயலகம், ஒப்பந்ததாரர்கள். நைஜீரியர்களே இதை ‘தேசிய கேக்’ என்பார்கள். வெட்டுவதற்கு எல்லோரும் வந்தார்கள், சுடுவதற்கு ஆளில்லை.

1985-இல் சுகார்த்தோ அரசு தன் சுங்க இலாகாவைத் திருத்த முடியாது என்று ஒப்புக்கொண்டு, சரக்குச் சோதனையை ஒரு சுவிஸ் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்தார்கள். மாமூல் வாங்கிய குமாஸ்தா வெளியே, ஏகபோகம் வாங்கிய மகன் உள்ளே. பூச்சிமருந்து, நாணயம், துறைமுகம் என்று சில கதவுகளைத் திருடர்களுக்குச் சாத்தி வைத்ததால்தான் அந்த நாடு வளர்ந்தது. ‘தின்னாலும் செஞ்சார்’ என்பவர்கள் இந்த இடத்தைத்தான் தவறவிடுகிறார்கள். வளர்ச்சி வந்தது தின்ன முடியாத இடங்களிலிருந்து.

அந்தக் கதவுகளுக்கும் ஒரே சாவிதான், அது ஒரு கிழவரின் சட்டைப்பையில் இருந்தது. 1996-இல் டாமிக்கு ‘தேசிய கார்’ என்ற பெயரில் வரிவிலக்கு. கார் வந்ததோ கொரியாவிலிருந்து. 1997 நவம்பரில் ஆசிய நிதி நெருக்கடி முற்றி 16 வங்கிகளை மூடியபோது, மகன் பம்பாங்கின் வங்கியும் அதில் ஒன்று. அவர் வேறொரு வங்கியின் பெயரில் அதே தொழிலைத் தொடர்ந்தார். சந்தைக்கு விஷயம் புரிந்துவிட்டது. 2,400-இல் இருந்த டாலர், சில மாதங்களில் 10,000 ரூபியாவைத் தாண்டியது. 1998-இல் பொருளாதாரம் 13 சதவீதம் சுருங்கியது. ஜகார்த்தா எரிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், சீன வம்சாவளியினரின் கடைகள் சூறையாடப்பட்டன.

இந்த ஆட்சியின் அடித்தளத்தையும் சொல்லாமல் விட முடியாது. 1965-66 கம்யூனிஸ்ட் எதிர்ப்புப் படுகொலைகளில் குறைந்தது 5 லட்சம் பேர். அந்த அமைதியின் மேல்தான் பள்ளிகளும் வாய்க்கால்களும் எழுந்தன. 1970-களில் கட்டிய 61,000-க்கும் மேற்பட்ட ஆரம்பப் பள்ளிகளைப் பற்றிப் பொருளியல் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். படுகொலையானவர்களின் குழிகளைத் தோண்டிப் பார்க்க அந்த நாடு இன்றுவரை தயங்குகிறது.

அபாச்சாவின் பணத்தைச் சுவிட்சர்லாந்து தவணை தவணையாகத் திருப்பியது. 2017 உடன்பாட்டின்படி வந்த 32 கோடி டாலர், உலக வங்கியின் மேற்பார்வையில் ஏழைக் குடும்பங்களுக்கு உதவித்தொகையாகப் போனது. சுகார்த்தோ மேல் தொடுத்த வழக்கு, உடல்நிலை காரணமாக 2000-இல் நின்றுபோனது. 2008-இல் அரசு மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள். 2025 நவம்பர் 10 அன்று, அவருடைய முன்னாள் மருமகனான அதிபர் பிரபோவோ அவரைத் தேசிய வீரராக அறிவித்தார். அதே பட்டியலில் மார்சினா என்ற பெண்ணின் பெயரும் இருந்தது. கிழக்கு ஜாவாவில் கடிகாரத் தொழிற்சாலை ஒன்றில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்து, சுகார்த்தோ ஆட்சியில், 1993 மே மாதத்தில் கொல்லப்பட்டவர்.