ஒரு குடம் தண்ணி, பத்துச் செடி: சங்கரன்கோவில் வெயிலில் வீட்டுத் தோட்டம் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

சித்திரை பிறந்துவிட்டால் தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலில் காலை பத்து மணிக்கே மொட்டை மாடியில் கால் வைக்க முடியாது. ஆனால் அதே மாடியில், அதே கொல்லையில் வெண்டை காய்க்கிறது, பாகல் பந்தல் ஏறுகிறது, வாசலில் மல்லிகை மொட்டு விடுகிறது. போர்வெல்லும் தோட்டக்காரரும் வைத்துக்கொண்டு யாரும் இதைச் செய்வதில்லை. அரிசி களைந்த தண்ணியைக்கூட அங்கணத்தில் கொட்டாமல் வாளியில் பிடித்து வைக்கும் வீட்டுப் பெண்களும், ஓய்வுபெற்ற பெரியவர்களும்தான் பெரும்பாலும் இதைச் செய்கிறார்கள்.

மழை மறைவுப் பகுதியில் இருக்கும் ஊரில் கோடைத் தோட்டம் எப்படிச் சாத்தியம்? என்ன நடலாம், எவ்வளவு தண்ணி தேவை, அரசு உதவி என்ன கிடைக்கும்? விரிவாகப் பார்க்கலாம்.

சங்கரன்கோவிலுக்கு ஏன் இரண்டு கோடை?

தமிழ் மரபில் ஆண்டுக்கு ஆறு பருவங்கள். சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். இந்தப் பிரிவு சங்கரன்கோவில் தோட்டக்காரர்களுக்கு இன்றைக்கும் நடைமுறையில் பொருந்துகிறது. காரணம், இரண்டு பருவங்களிலும் செடிக்கு வரும் தொல்லை வேறு வேறு.

இளவேனிலில் தொல்லை வெயில். மே முதல் வாரம் தொடங்கி மாதக் கடைசி வரை நீடிக்கும் கத்திரி வெயிலில் பூ கருகும், பிஞ்சு உதிரும், தொட்டி மண் மதியத்துக்குள் காய்ந்துவிடும்.

முதுவேனிலில் தொல்லை காற்று. தென்மேற்குப் பருவமழை குற்றாலத்தை நனைக்கும்போது, செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகும் காற்று சங்கரன்கோவில் பக்கம் பலமாக வீசும். மழை மலையோடு பெருமளவு தீர்ந்துவிட, இங்கே வந்து சேர்வது பெரும்பாலும் வெறும் காற்றுதான். வட்டாரத்தில் இத்தனை காற்றாலைகள் நிற்பதற்கும் அதுதான் காரணம். அந்தக் காற்று இலையிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், பந்தலைச் சாய்க்கும், முருங்கைக் கிளையை முறிக்கும்.

அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் சித்திரையில் நிழலுக்கு ஏற்பாடு செய்கிறார்கள், வைகாசி முடிவதற்குள் காற்றுக்குத் தடுப்பு கட்டிவிடுகிறார்கள். வேறு ஊர்க்காரர் எழுதிய கையேட்டில் முதல் பாதிதான் இருக்கும். இரண்டாவது பாதி இந்த ஊர் அனுபவம்.

கரிசல் மண்ணில் என்ன சிக்கல்?

சங்கரன்கோவில் சுற்றுவட்டாரத்தில் கரிசல் பூமி அதிகம். ஈரத்தைப் பிடித்து வைப்பதில் கரிசலுக்கு ஈடில்லை. பருத்திக்கும் சோளத்துக்கும் அது வரம். ஆனால் நனைந்தால் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பு விழும்போது செடியின் சல்லிவேர் அறுந்துபோகும்.

கொல்லையில் கரிசல் இருந்தால், குழியில் மணலும் மக்கிய சாணி எருவும் கலந்து நடுவது வழக்கம். மண் பரப்பை வெறுமனே விடக்கூடாது. காய்ந்த இலை, கடலைத் தொலி, கரும்புச் சோகை என எது கிடைத்தாலும் மூன்று விரல் கனத்துக்கு மூடாக்கு போட்டால் வெடிப்பும் குறையும், தண்ணித் தேவையும் குறையும்.

தொட்டிக்கும் வளர்ப்புப் பைக்கும் கரிசலை அப்படியே நிரப்புவது சரிவராது. இறுகிப்போய்விடும். செம்மண், தென்னை நார்க் கழிவு, மக்கிய எரு மூன்றையும் சம பங்காகக் கலப்பது எளிய வழி. நார்க் கட்டியை ஊறவைத்து, அந்தத் தண்ணியை ஒரு முறையாவது வடித்துவிட்டுப் பயன்படுத்தினால் உப்பு குறையும்.

கோடையில் எதை நடலாம்?

வெயிலைத் தாங்கும் செடியைத் தேர்ந்தெடுத்தாலே பாதி வேலை முடிந்தது. கோடையில் கைகொடுக்கும் செடிகள் இவை:

• வெண்டை: வெயில் பிடித்த செடி. விதைத்து சுமார் 45 நாளில் முதல் காய். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் முற்றிவிடும்.

• சீனியவரை: மற்ற மாவட்டங்களில் கொத்தவரை. குறைந்த தண்ணியில் காய்க்கும். 45 முதல் 50 நாளில் பறிக்கலாம்.

• சிறுகீரை, தண்டங்கீரை: மூன்று, நான்கு வாரத்தில் சட்டிக்கு வந்துவிடும். ஆனால் நண்பகல் நிழல் வேண்டும்.

• பாகல், பீர்க்கு: பந்தல் கொடிகள். சுமார் இரண்டு மாதத்தில் காய். கொடிக்குக் கீழே கிடைக்கும் நிழலில் கீரைத் தொட்டிகளை வைத்துக்கொள்ளலாம்.

• கத்தரி, மிளகாய்: தை, மாசியில் நாற்று நட்டு வேர் பிடித்த செடிகள் கோடையைத் தாங்கும். கத்திரி வெயிலில் புதிதாக நடுவது வீண் வேலை.

• முருங்கை: வறண்ட நிலத்துக்கென்றே பிறந்த மரம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கிய பி.கே.எம் 1 செடிமுருங்கை விதை மூலம் வளர்ந்து ஆறு மாதத்தில் காய்க்கும். செடி இரண்டரை அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை அதிகமாகும். மரமும் உயரமாகப் போய் ஆடிக் காற்றில் முறியாது.

முள்ளங்கி, கேரட், காலிஃபிளவர் போன்றவை குளிர்காலப் பயிர்கள். கோடையில் அவற்றை முயன்று தோற்றுத்தான் பலர் "எனக்குக் கைராசி இல்லை" என்று தோட்டத்தையே விட்டுவிடுகிறார்கள். தப்பு கையில் இல்லை, பட்டத்தில்தான்.

வாசல் மல்லிகை: கோடை தரும் பரிசு

சங்கரன்கோவில் பூ மார்க்கெட் தென்மாவட்டங்களில் பேர் பெற்றது. இங்கிருந்து கேரளத்துக்கும் பூ போகிறது. மார்கழி, தை வந்தால் மல்லிகை விலை எகிறும் செய்தி ஆண்டுதோறும் வரும். பனிக்காலத்தில் செடி மொட்டு விடுவது குறைந்துபோவதே அதற்குக் காரணம். மார்ச் மாதம் தொடங்கி வெயில் ஏற ஏற மொட்டு கூடும். விலையும் இறங்கும்.

வீட்டு வாசலில் ஒரு குண்டுமல்லிச் செடி வைத்திருப்பவருக்குக் கணக்கு எளிது. நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்து செய்ய வேண்டும். பழைய இலைகளை உருவிவிட்டு எரு வைக்க வேண்டும். பங்குனி, சித்திரையில் புதுக் கிளையெல்லாம் மொட்டு. விடியற்காலையில் பறித்த மொட்டு அந்தியில் விரியும். நாள் முழுக்க நேரடி வெயில் வேண்டும் என்பதால், மற்ற செடிகள் வாடும் இடமே மல்லிகைக்கு நல்ல இடம்.

தண்ணி எங்கிருந்து வரும்?

கோடைத் தோட்டத்தின் உயிர்நாடி இந்தக் கேள்விதான். குழாய்த் தண்ணி முறை வைத்து வரும் காலத்தில், குடிக்கவும் சமைக்கவும் வைத்திருப்பதைச் செடிக்கு ஊற்ற யாருக்கும் மனசு வராது. ஊற்றவும் கூடாது. ஒரு முறை பயன்பட்ட தண்ணியை இரண்டாம் முறை பயன்படுத்துவதே இதற்கு வழி.

மூடாக்கும் அரை நிழலும் உள்ள ஒரு வளர்ப்புப் பைக்குக் கோடையில் தினம் ஒன்று முதல் இரண்டு லிட்டர் போதும். ஒரு பிளாஸ்டிக் குடம் சுமார் 15 லிட்டர். ஆக, ஒரு குடம் தண்ணி பத்துச் செடியைக் காப்பாற்றும். நான்கு பேர் உள்ள வீட்டில் அரிசி, பருப்பு களைந்ததும் காய்கறி கழுவியதும் சேர்ந்தாலே ஏறக்குறைய அந்த அளவு தேறும்.

எல்லாத் தண்ணியும் எல்லாச் செடிக்கும் ஆகாது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

• அரிசி, பருப்பு, காய்கறி கழுவியது: எந்தச் செடிக்கும் ஊற்றலாம். அன்றன்றே ஊற்றிவிட வேண்டும், புளிக்க விடக்கூடாது.

• பாத்திரம் கழுவியது: வாழை, தென்னை, முருங்கைக்கு. அங்கணக்குழியைச் சுற்றிக் கல்வாழையும் சேம்பும் வைப்பது பழைய வழக்கம்.

• துணி துவைத்தது: கடைசியாக அலசிய தண்ணி மட்டும், மரங்களுக்கு மட்டும். கீரைக்குக் கூடாது.

• ஆர்.ஓ இயந்திரம் வெளியேற்றும் தண்ணி: உப்பு அதிகம். தொட்டிச் செடியில் தொடர்ந்து ஊற்றினால் இலை ஓரம் கருகும். தரை துடைக்க, கழிப்பறைக்குப் பயன்படுத்தலாம்.

காலை ஏழு மணிக்குள் அல்லது வெயில் தாழ்ந்த பிறகு ஊற்ற வேண்டும். மதியத்தில் செடி வாடித் தெரிந்தால் பதற வேண்டாம். அந்தியில் நிமிர்ந்துவிட்டால் அது வெயிலின் வாட்டம்தான், தண்ணிப் பஞ்சம் அல்ல.

ஒரு கோடை மழை எத்தனை குடம்?

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டது. குழாய் பொருத்திய பல வீடுகளில் அது இன்று வெறும் குழாயாகவே நிற்கிறது.

கணக்குப் பார்த்தால் இழப்பு புரியும். 500 சதுர அடி மாடியில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 900 லிட்டர், அதாவது 60 குடம். முதலில் வரும் அழுக்குத் தண்ணியும் சிந்தியதும் போக 45 குடம் மிஞ்சினாலும், பத்துச் செடிக்கு ஒன்றரை மாதத் தண்ணி. உப்பில்லாத நல்ல தண்ணி வேறு.

பிடித்த தண்ணியை மூடி வைப்பது முக்கியம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணியில்தான் முட்டையிடும். டிரம்முக்கு மூடி அல்லது வெள்ளைத் துணி கட்ட வேண்டும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்குவதை வாரம் ஒரு முறையாவது கொட்டித் தேய்த்துக் காயவிட வேண்டும்.

மாடியில் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

நனைந்த பெரிய வளர்ப்புப் பை ஒன்று 20 கிலோவைத் தாண்டும். அதனால் எல்லாவற்றையும் தளத்தின் நடுவில் குவிக்காமல், சுவரும் உத்திரமும் இருக்கும் ஓரங்களில் வரிசையாக வைக்கலாம். இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தால் தளத்தில் ஈரம் தங்காது, வேருக்கும் சூடு ஏறாது.

நிழலுக்கு 50 சதவீத நிழல்வலை போதும். தென்னங்கிடுகு கிடைத்தால் செலவு இன்னும் குறைவு. ஆனிக் காற்றுக்கு முன்பு பந்தல் கால்களை இறுக்கிக் கட்ட வேண்டும். விசைத்தறி ஓடும் ஊர் என்பதால், மிஞ்சும் நூல் கொடி கட்டவும் உதவும்.

மாவுப்பூச்சி, வெள்ளை ஈ, செம்பேன் மூன்றும் கோடை விருந்தாளிகள். ஒரு லிட்டர் தண்ணியில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து, அந்தியில் இலையின் அடிப்பக்கம் படும்படி வாரம் ஒரு முறை தெளிக்கலாம். வெண்டையில் இலை நரம்பு மஞ்சளாகிவிட்டால் மருந்து பலிக்காது. செடியைப் பிடுங்கிவிட்டால் மற்றவை தப்பும்.

அரசு உதவி என்ன?

மாடித்தோட்டத்துக்கான மானியத் திட்டத்தைத் தமிழக அரசு 2013-14இல் சென்னை, கோவையில் தொடங்கிப் பிறகு மற்ற ஊர்களுக்கும் கொண்டுபோனது. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித்தோட்டத் தளையில் செடி வளர்ப்புப் பைகள், தென்னை நார்க் கட்டிகள், காய்கறி விதைகள், உயிர் உரம், வேம்பு சார்ந்த பூச்சிவிரட்டி, கையேடு ஆகியவை இருக்கும்.

விலையும் மானிய அளவும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்திலோ, துறையின் இணையதளத்திலோ, உழவன் செயலியிலோ கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பொதுவாக ஆதார் அட்டை தேவைப்படும்.

லாபம் என்ன?

ஒருவர் நாளுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறி, பழம் சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்துப் பை அதை முழுதாக நிறைவேற்றாது. ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் கீரை, கைப்பிடி பச்சை மிளகாய், குழம்புக்கு நாலு வெண்டைக்காய் என வரும். காய்கறிக் கடையில் முதலில் விட்டுப்போவது கீரைதான் என்ற நிலையில் உள்ள வீடுகளுக்கு இது சின்ன விஷயமில்லை.

பக்கத்து மாநிலமான கேரளம், ஓணத்துக்கு வீட்டுக்கு ஒரு முறம் காய்கறி என்று அரசே முழக்கம் வைத்து வீட்டுத் தோட்டத்தை ஊக்குவிக்கிறது. சங்கரன்கோவிலிலும் அப்படி ஒரு திருநாள் இருக்கிறது. ஆடித்தபசு அன்று, கோமதி அம்மனுக்கு விவசாயிகள் தங்கள் நிலத்தில் விளைந்த பருத்தி, மிளகாய் போன்றவற்றைச் சூறைவிட்டு நேர்த்திக்கடன் செலுத்துவது வழக்கம். நிலமில்லாத வீட்டிலும் ஒரு தொட்டி மிளகாய் வளர்க்க முடியும்.

இன்று ஆபத்தில் இருப்பது எது?

செடிகளைவிட, இந்தப் பழக்கம்தான். கொல்லைக்கு முழுவதும் சிமெண்ட் பூசி, அங்கணத் தண்ணியை நேராகச் சாக்கடைக்குக் குழாய் போட்டுவிட்டால், தினம் ஒரு குடம் யாருக்கும் தெரியாமல் தெருவோடு போய்விடுகிறது. வீடு கட்டும்போதோ மராமத்து பார்க்கும்போதோ, சுவரோரம் இரண்டடி மண்ணை மட்டும் விட்டுவைத்து அடுக்களைத் தண்ணியை அந்தப் பக்கம் திருப்பினால் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, ஒரு வாழை நிற்கும்.

கோடையைத் தாண்டி நிற்கும் செடியில் திடமான காய் இரண்டைப் பறிக்காமல் முற்றவிட்டு விதை எடுப்பதும் அதே பழக்கத்தின் பகுதி. வெண்டை, பாகல், பீர்க்கு விதைகளை நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து மூடி வைத்தால் அடுத்த விதைப்புக்கு ஆகும். வாங்கும் விதை ஒட்டுரகமாக இருந்தால் மட்டும் அதே குணம் அடுத்த தலைமுறையில் வராது. அதனால் நாட்டு விதையாகக் கேட்டு வாங்குவது நல்லது. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற சொல்லுக்கு, வைகாசியிலேயே விதை கையில் இருக்க வேண்டும்.