மீன் எப்போது வெறும் கறியானது?



சென்ற தவணையில் ஒன்பதாம் தரப் பிள்ளைகளுக்கு வரலாற்றுப் பாடத்தில் ஒரு வீட்டு வேலை கொடுத்தோம். வீட்டில் மூத்தவரிடம், "சின்ன வயதில் ராச்சாப்பாட்டுக்கு என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டு எழுத வேண்டும். பக்கத்திலேயே, நேற்றிரவு தாங்கள் சாப்பிட்டதையும் எழுத வேண்டும். இதெல்லாம் வரலாறா சேர் என்று சிரித்துக்கொண்டு போனார்கள்.

கொப்பிகளைத் திருத்தும்போது எமக்குச் சிரிப்பு வரவில்லை. மூத்தவர்கள் பக்கத்தில் இருந்தவை: பகல் ஆக்கிய சோற்றில் மிஞ்சிய ஒரு பிடி, ஒரு சட்டி மீனாணம், அடுப்புத் தணலில் சுட்ட கீரி மீன், முருங்கை இலைச் சுண்டல், பஞ்ச காலத்தில் மரவள்ளிக் கிழங்கு. பிள்ளைகள் பக்கத்தில் இருந்தவை: பராட்டா, கொத்து, பாண், நூடில்ஸ், இடியப்பம். மீன் என்ற சொல் சிலதில் இருந்தது. "ஒரு சின்னத் துண்டு" என்று. ஒரு பிள்ளை நாம் கேட்காததையும் எழுதியிருந்தது: "உம்மம்மாவுக்குச் சீனி வருத்தத்தில் கால்விரல் எடுத்தது."

கடலுக்கு முகம் கொடுத்து வாழும் கல்முனைக் கரையில் எப்படி இப்படி ஆனது? இதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

இக்கரையில் கடல் வருடம் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. சோளகக் காலத்தில் கரைவலை நிறையும். வாடைக் காற்றோடு மாரி வந்தால் கடல் கொந்தளிக்கும், தோணி கரையேறும். அந்த மாதங்களுக்குத்தான் கருவாடும் மாசியும். மாசி இன்று நேற்று வந்த பண்டமல்ல. 1343, 1344 ஆண்டுகளில் மாலைதீவில் தங்கியிருந்து, பின் இலங்கைக்கும் வந்த இப்னு பதூதா, அங்கு மீனைத் துண்டு போட்டு, சற்று அவித்து, ஓலைக் கூடையில் வைத்துப் புகையூட்டிக் காயவைப்பதை எழுதியிருக்கிறார். அது இந்தியா, சீனா, யெமன் வரை போனதாம். மீன் இல்லாத நாளிலும் மீன் தட்டில் இருக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் நம் முன்னோர்.

தட்டில் மா ஏறிய கதை மிகப் பிந்தியது. கோதுமை இந்த மண்ணில் விளைவதில்லை. பாண் என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. என்றாலும் நெடுங்காலம் அது பட்டணத்துப் பண்டமாகவே இருந்தது. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. கூப்பன் வந்தது. அரிசிக் குறைவை ஈடுகட்டக் கோதுமை மா கப்பலில் வந்தது. நம் மூத்தவர்கள் அதை "அமெரிக்கன் மா" என்றே அழைத்தார்கள். அது எங்கிருந்து வந்தது என்பது பெயரிலேயே இருக்கிறது. 1953இல் ஒரு கொத்து கூப்பன் அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமானபோது நாடே ஹர்த்தாலில் இறங்கியது. எழுபதுகளில் பாணுக்காக விடியுமுன் வரிசையில் நின்றவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். 1980இல் திருகோணமலையில் பெரிய மாவாலை இயங்கத் தொடங்கிய பின், கோதுமை மா எந்தக் கிராமத்துக் கடையிலும் கிடைக்கும் பொருளானது.

பிறகு யுத்தம். இரவில் கடலுக்குப் போகத் தடை, கரையில் கெடுபிடி. 2004 டிசம்பர் 26இல் கடலே ஊருக்குள் வந்தது. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் உறவுகளை அடக்கிய கையோடு மீனைத் தொட எத்தனையோ பேருக்குப் பல வாரங்கள் மனம் வரவில்லை. முகாமில் கிடைத்த நிவாரணப் பொதியில் அரிசி, மா, பருப்பு, சீனி. அதைக் குறை சொல்ல முடியாது, அது உயிரைக் காத்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு இடரிலும் மீன் பின்வாங்கியது, மாவும் சீனியும் முன்னுக்கு வந்தன. இடர் போன பின்னும் பழக்கம் போகவில்லை. உணவாக இருந்த மீன், மாவை விழுங்குவதற்கான கறியாகிவிட்டது.

பழையதெல்லாம் நல்லது என்று சொல்ல வரவில்லை. அவர்களும் சோறுதான் தின்றார்கள், பகலில் நிறையவே. ஆனால் வயலிலும் வள்ளத்திலும் தறியிலும் அதை எரித்தார்கள். நாம் இரவு ஒன்பது மணிக்கு மூன்று பராட்டாவைச் சாப்பிட்டுவிட்டு ஃபோனோடு படுக்கிறோம்.

இன்று "லோ காப்" என்கிறார்கள். பெயர்தான் புதிது, சட்டி நம்முடையது. மீனில் மாப்பொருள் கிடையாது. நூறு கிராமில் ஏறக்குறைய இருபது கிராம் புரதம் இருக்கிறது. எங்கள் வீட்டில் சில மாதங்களாக ராச்சாப்பாட்டை இப்படி மாற்றியிருக்கிறோம்:

ஒரு நாள் பாரை மீன் புளியாணம். வெங்காயம், பச்சை மிளகாய், மிளகு, மஞ்சள், கறிவேப்பிலை, கொஞ்சம் புளி. ஆளுக்கு இரண்டு பெரிய துண்டு, பக்கத்தில் தட்டில் பாதி நிறைய முருங்கை இலைச் சுண்டல்.

இன்னொரு நாள் கணவாயும் போஞ்சியும் பிரட்டல். கணவாயை இரண்டு மூன்று நிமிடத்தில் இறக்கிவிட வேண்டும்; தவறினால் இறப்பர்தான்.

மீன் மலிந்த நாளில் கீரியோ சூரையோ உப்பும் மிளகாயும் தேசிக்காயும் பிரட்டி, வாழையிலையில் சுற்றித் தாச்சியில் சுட்டது, வல்லாரைச் சம்பலோடு. விலை குறைந்த சின்ன மீனில் சத்து குறைவில்லை.

முதல் வாரம் பிள்ளைகள் முகம் சுளித்தார்கள், "சோறு எங்க?" என்று. ஆளுக்கு ஒரு பிடி சிவப்பரிசிச் சோறு வைத்தோம். இன்றும் வைக்கிறோம். சோற்றை விரட்டுவதல்ல நோக்கம். அதைக் கறியின் இடத்துக்கும் மீனைச் சோற்றின் இடத்துக்கும் மாற்றுவதுதான்.

இரண்டு எச்சரிக்கை. சீனி வருத்தத்துக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றையும் மாவையும் திடீரென்று நிறுத்தினால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். கிளினிக்கில் கேட்டுவிட்டே மாற்றுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்களும் அப்படியே. பிரஷர் உள்ளவர்கள் கருவாட்டை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். அதில் உப்பு அதிகம்.

2022இல் மா விலை ஏறியபோது பாணை விட்டு வாழ முடியும் என்று கண்டோம். அதே நேரம் மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தபோது மீனின் அருமையையும் கண்டோம். அன்று தட்டை மாற்றியது தட்டுப்பாடு. இன்று மாற்றுவது நம் கையில் இருக்கிறது.

அந்த ஒன்பதாம் தரப் பிள்ளைகள் இன்னும் ஐம்பது வருடத்தில் உம்மம்மாவாக, அப்பாவாக இருப்பார்கள். அவர்களிடமும் ஒரு பேரப்பிள்ளை கொப்பியோடு வந்து இதே கேள்வியைக் கேட்கும். அப்போது விரல்கள் பத்தும் இருக்கும் காலை நீட்டி உட்கார்ந்து அவர்கள் பதில் சொல்ல வேண்டும். அதற்கான சமையல் இன்று இரவு நம் அடுப்பில்தான் தொடங்க வேண்டும்.

உங்கள் வீட்டு மூத்தவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள்.